கால் வீங்குகிறது: அடைப்பா, கசிவா?

வாசகர் கேள்வி – பதில்

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து எழுதிய கடிதங்களில், ரத்தக்குழாய் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எலும்பு கூடியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதே தொடையில் எலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய் என்ன ஆனது என்பதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

"என் அம்மாவுக்கு 74 வயது. மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பில் முறிவு. ராடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். டிஸ்சார்ஜ் ஆனபோது ஹீமோகுளோபின் 10.1. வாக்கர் பிடித்து நடக்கவும் ஆரம்பித்தார். 16-ஆம் நாளிலிருந்து தொடை வீங்கிக்கொண்டே போகிறது, வலியும் கூடிவிட்டது. இப்போது ஹீமோகுளோபின் 7.6. ஒரு டாக்டர், 'நரம்பில் ரத்தம் கட்டியிருக்கும், ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடலாம்' என்கிறார். இன்னொருவர், 'சீழ் கோத்திருக்கும், கிழித்து விடலாம்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"
– பாலக்கோடு வாசகர்

ஸ்கேன் பார்க்கும்வரை இரண்டையும் செய்ய வேண்டாம். இன்றைக்கே ஒரு டாப்ளர் ஸ்கேன் (குழாய்க்குள் ரத்தம் ஓடுவதைக் காட்டும் ஸ்கேன்) எடுங்கள். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய் தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோவது சிரை; அந்த டாக்டர் 'நரம்பு' என்றது சிரையைத்தான். சீட்டில் 'சிரை டாப்ளர்' என்று மட்டும் எழுதியிருந்தால், ஸ்கேன் அறையில் சிரையை மட்டும் பார்த்து 'ரத்தக்கட்டு இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். தமனி, சிரை இரண்டையும் பார்க்க வேண்டும். ராடும் ஸ்க்ரூவும் இருக்கும் உயரத்தில் தொடையின் உட்பக்கத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது வீக்கத்தைவிட அந்த 7.6 தான். இடுப்பு முறிவில், அதிலும் தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே இருக்கும் புடைப்புப் பகுதி முறிந்தால், வெளியே தெரியாமலே தசைக்குள் நிறைய ரத்தம் போகும். அதனால் ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று, நான்கு நாட்களில் ஹீமோகுளோபின் இறங்குவது எதிர்பார்த்ததுதான். அதன் பிறகு அது நின்று, மெல்ல ஏற வேண்டும். நின்ற எண் இரண்டு வாரம் கழித்து மறுபடி இரண்டரை கிராம் இறங்கியிருந்தால், ரத்தம் எங்கேயோ கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினால் ஏறக்குறைய 1 கிராம் கூடும். இரண்டரை யூனிட்டுக்கு ஈடான இழப்பு இது. சிரைக்குள் ரத்தம் கட்டினாலும் கால் வீங்கும்தான், ஆனால் அதற்காக ஹீமோகுளோபின் இப்படி விழாது. வலி மாத்திரைகளால் வயிற்றுப் புண் வந்து ரத்தம் கசியலாம், எனவே மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்றும் பாருங்கள். அப்படி இல்லை, தொடை மட்டும் வீங்குகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது தமனியை.

தொடைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி இடுப்பு மடிப்புக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முழங்காலை நோக்கி இறங்குகிறது. இன்னொன்று ஆழத் தொடைத் தமனி. இது தொடை எலும்பின் உட்பக்கத்தை ஒட்டியே கீழே போகிறது. இதன் கிளைகள் எலும்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தசைகளுக்குள் நுழைகின்றன. ராடு வைக்கும்போதும் பிளேட் வைக்கும்போதும் தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக டிரில் போடுகிறார்கள். டிரில் முனை எலும்பின் எதிர்ச் சுவரைத் துளைத்து வெளியே வந்ததும் நிற்க வேண்டும். மழுங்கிய முனையாக இருந்தால் அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். சுவர் விட்டுக்கொடுத்ததும் முனை பாய்ந்துவிடும். அளவுக்கு மேல் நீளமான ஸ்க்ரூவும், அதன் நுனி துருத்திக்கொண்டிருப்பதால், இதே வேலையைச் செய்யும். ஆபரேஷன் டேபிளில் காலை இழுத்து உட்பக்கமாகச் சாய்த்து வைக்கும்போது அந்தத் தமனி எலும்புக்கு இன்னும் கிட்டே வந்துவிடுகிறது என்பதும் ஒரு காரணம்.

ஆயுதமே படாமலும் இது வரும். முறிவின்போது தொடை எலும்பின் உட்பக்கச் சிறு புடைப்பு தனித் துண்டாக உடைந்து, கூர்மையான விளிம்போடு தமனிப் பக்கம் நகர்ந்து நின்றிருக்கும். நடக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு அடிக்கும் அது உரசும். ஆபரேஷன் ஆகி நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்துத் தொடை வீங்குவது இப்படித்தான். 'அப்போ எல்லாம் சரியா இருந்துச்சே' என்பதை வைத்து இதைத் தள்ளிவிட முடியாது.

தமனிச் சுவரில் சிறு கிழிசல் விழுந்தால் என்ன ஆகும்? மண்ணுக்குள் புதைத்த பாசனக் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் சுற்றியுள்ள மண்ணை அரித்து ஒரு பள்ளம் செய்துகொண்டு அங்கேயே சுழலும் அல்லவா, அதேபோல் தசைக்குள் ரத்தம் ஒரு பை செய்துகொள்கிறது. அந்தப் பைக்கு ரத்தக்குழாயின் சுவர் கிடையாது. உறைந்த ரத்தமும் சுற்றியுள்ள திசுவும்தான் அதன் சுவர். தமனியோடு தொடர்பு அறுபடாததால் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு சூடோ அனியூரிசம் என்று பெயர். கை வைத்தால் துடிக்கும் என்று புத்தகங்களில் இருக்கும். தடித்த தொடைத் தசைக்கு அடியில் இருப்பதால் பல பேருக்குத் துடிப்பு தெரியவே தெரியாது. துடிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

இப்போது அந்த இரண்டு யோசனைகளுக்கு வருவோம். கசிந்துகொண்டிருக்கும் தமனி மேல், ரத்தக்கட்டுக்குக் கொடுக்கும் முழு டோஸ் ஹெப்பாரின் வகை ஊசியைப் போட்டால், கிழிசலை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும் உறைவும் நிலைக்காது. சீழ் என்று நினைத்துக் கத்தி வைத்தால் தமனி நேராக வெளியே பீய்ச்சும். அதை நிறுத்தும் வசதி சிறிய மருத்துவமனையில் இருக்காது. சூடும் லேசான காய்ச்சலும் உறைந்த ரத்தத்தாலும் வரும் என்பதால், அவற்றை மட்டும் வைத்துச் சீழ் என்று முடிவு கட்ட முடியாது. ஏற்கெனவே ரத்தக்கட்டைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த டோஸுக்கு முன் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஹீமோகுளோபின் எண்ணைச் சொல்லி, நிறுத்தலாமா என்று கேளுங்கள். இதய ஸ்டென்ட் போன்ற வேறு காரணத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

டாப்ளரில் அந்தப் பைக்குள் ரத்தம் சுழல்வது சிவப்பும் நீலமும் பாதிப் பாதியாகத் தெரியும். தமனியையும் பையையும் இணைக்கும் வாயில் ரத்தம் உள்ளே போவதும் திரும்பி வருவதும் பதிவாகும். வீக்கம் அதிகமாக இருந்து ஒன்றும் பிடிபடவில்லை என்றால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். அதற்கு மருந்து செலுத்துவார்கள் என்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். ராடின் உலோகம் படத்தை ஓரளவு கலைக்கும். அப்போது நேரடியாக ஆஞ்சியோகிராம் செய்வது உண்டு.

வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம். பெரும்பாலும் எதிர்க்காலின் இடுப்பு மடிப்பில் ஊசி வழியாகக் குழாய் செலுத்தி, கசியும் கிளையை எக்ஸ்ரேயில் கண்டுபிடித்து, மெல்லிய உலோகச் சுருளை அங்கே வைத்து அடைத்துவிடுவார்கள். மயக்கம் கொடுக்கத் தேவையில்லை, தொடையைத் திறக்கவும் தேவையில்லை. சில இடங்களில் உறை போட்ட ஸ்டென்ட் வைப்பார்கள். பை மிகப் பெரிதாகி நரம்பை, தோலை அழுத்தினாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ திறந்து தமனியைக் கட்ட அல்லது தைக்க வேண்டியிருக்கும். ஒரு விஷயத்தை அந்த டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்: உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா, முன்பு கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து நிற்க வேண்டியிருந்ததா என்று. முழங்காலை நோக்கிப் போகும் தமனி ஏற்கெனவே அடைத்திருந்தால், இந்த ஆழத் தமனியின் கிளைகள்தான் காலுக்கே உயிர். அப்படிப்பட்டவருக்கு இதை முழுதாக அடைக்க முடியாது, வேறு வகையில் சரிசெய்ய வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். ஸ்கேனும் ரத்தமும் அங்கே முதலில் ஆகட்டும். அதற்கு மேல் சேலமோ பெங்களூரோ போக வேண்டியிருந்தால், 'கிளையை அடைக்கும் சிகிச்சை செய்பவர் இன்றைக்கு இருக்கிறாரா' என்று டாக்டரை விட்டே அங்கே போனில் பேசச் சொல்லுங்கள். தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போன பிறகு 'இங்கே அந்த வசதி இல்லை' என்று கேட்கும் நிலை வரக் கூடாது. ஆம்புலன்ஸில் படுத்தபடியே போகட்டும். தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். ஆபரேஷன் குறிப்பு, எல்லா எக்ஸ்ரே படங்களும், ரத்த வகை எழுதிய சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றோடு ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரும் கூடப் போங்கள்.

இது டாக்டரின் தவறா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இது அரிதாக வரும், தெரிந்த சிக்கல். கவனமாகச் செய்த ஆபரேஷனிலும் வரும். வந்ததைக் கண்டுகொள்ளாமல் நாட்களைக் கடத்துவதைத்தான் நான் தவறு என்பேன்.

"ஆபரேஷன் முடிந்த அப்பாவுக்கு வயிற்றில் போடும் ஊசி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், தினம் ஒன்று. எத்தனை நாள் போட வேண்டும்? ஊசி போட ஆள் கிடைப்பதில்லை. வீட்டிலேயே போடலாமா? அவருக்குச் சிறுநீரகப் பிரச்சினையும் உண்டு."
– காவேரிப்பட்டணம் வாசகி

போடலாம், நீங்களே போடலாம். அது பெரும்பாலும் ஈனாக்ஸாபரின் என்ற மருந்தாக இருக்கும். கால் சிரைகளில் ரத்தம் கட்டாமல் தடுப்பதற்கான வழக்கமான அளவு தினம் ஒரு வேளை 40 மி.கி.; அது 0.4 மி.லி. ஊசியாக, மருந்து நிரப்பியே வரும். இடுப்பு முறிவு ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 10 முதல் 14 நாள், பல மருத்துவர்கள் 35 நாள்வரை தொடரச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு, மூன்று வாரம் கழித்தும் ரத்தக்கட்டு வருவதால்தான் இவ்வளவு நாள். 'நல்லாத்தான் நடக்கறாரே' என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் முக்கியம். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் உடலில் தேங்கி, ரத்தக் கசிவை உண்டாக்கும். கிரியாட்டினினையும் வயதையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது சாதாரண ஹெப்பாரினுக்கு மாற்ற வேண்டும். அடுத்த ஊசிக்கு முன் கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பிக் கேட்டுவிடுங்கள். 45 கிலோவுக்குக் குறைவான எடை உள்ள முதியவர் என்றாலும் அளவைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

போடும் முறை: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்பா படுத்திருக்கட்டும் அல்லது சாய்ந்து உட்காரட்டும். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் இடம் பாருங்கள். இன்று இடது என்றால் நாளை வலது. தழும்பு, காயம் உள்ள இடம் வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். ஊசிக்குள் ஒரு காற்றுக் குமிழி இருக்கும், அதை வெளியேற்றாதீர்கள். வெளியேற்றப் போனால் மருந்தும் சேர்ந்து போகும், அந்தக் குமிழியால் கெடுதலும் இல்லை. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை முழு நீளமும் செங்குத்தாக இறக்குங்கள். மெதுவாக அழுத்தி மருந்து முழுதும் போன பிறகு ஊசியை நேராக எடுத்து, அதற்கப்புறம்தான் மடிப்பை விட வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால்தான் நீலம் கட்டும். சின்ன நீலத் தழும்பு சாதாரணம். உள்ளங்கை அளவுக்குப் பரவினாலோ, ஈறில், சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, மலம் கறுத்தாலோ, ஆபரேஷன் தையல் நனைந்துகொண்டே இருந்தாலோ அடுத்த ஊசியைப் போடாமல் பேசுங்கள். ஊசிகளை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. போட்ட ஊசியைக் குப்பையில் வீசாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஊசி ஆரம்பித்து ஐந்து நாள் தாண்டியதும் ஒரு முறை பிளேட்லெட் எண்ணிக்கை பாருங்கள். அரிதாகச் சிலருக்கு இந்த வகை மருந்தாலேயே பிளேட்லெட் பாதியாகக் குறைந்து, முரணாக ரத்தம் கட்டவும் ஆரம்பிக்கும். ஐந்து முதல் பத்து நாளுக்குள் அது வருவது வழக்கம்.

"தாத்தா டிஸ்சார்ஜ் ஆகி ஒன்பது நாள். நேற்று கழிப்பறையிலிருந்து வந்தவர் திடீரென்று மூச்சு வாங்கி, நெஞ்சு வலி என்றார். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கேஸ் என்று சோடா கொடுத்தோம். கவலைப்பட வேண்டுமா?"
– மத்தூர் வாசகர்

இதைப் படிக்கும்போது அவர் வீட்டில் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கால் அல்லது தொடைச் சிரையில் கட்டிய ரத்தம் பிய்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் இப்படித்தான் வரும். முதலில் வருவது சிறு துண்டாக இருந்து தானே தணியலாம். அடுத்தது பெரிய துண்டாக இருக்கலாம். கால் வீங்கவில்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம், கால் சாதாரணமாக இருந்தும் இது வரும். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-க்கு மேல் இருக்கிறதா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் குறைகிறதா என்று பாருங்கள், ஆனால் அவை சரியாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். ஈ.சி.ஜி. எடுத்து 'ஹார்ட் நல்லா இருக்கு' என்று அனுப்பினால், இடுப்பு ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள்தான் ஆகிறது என்பதை மறுபடி சொல்லி, நுரையீரல் தமனிக்கான சி.டி. ஸ்கேன் கேளுங்கள். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை இங்கே அதிகம் உதவாது. ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் அது கூடுதலாகத்தான் காட்டும்.

"எங்க ஆயா விழுந்ததும் புத்தூர் கட்டு போட்டோம். பன்னிரண்டு நாள் கழித்தும் வலி தீராததால் மருத்துவமனைக்குப் போனோம். ஆபரேஷன் என்றவர்கள், அதற்கு முன் காலுக்கு டாப்ளர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். முறிந்தது இடுப்பு, காலுக்கு எதற்கு ஸ்கேன்? பணம் பிடுங்கவா?"
– அரூர் வாசகர்

அது தேவையான ஸ்கேன்தான், எடுத்துவிடுங்கள். படுத்தே கிடந்த பன்னிரண்டு நாளும் காலில் ரத்தம் மெதுவாகத்தான் ஓடியிருக்கும், முறிவால் ரத்தம் உறையும் தன்மையும் கூடியிருக்கும். அந்த நிலையில் சிரைக்குள் ஏற்கெனவே ரத்தம் கட்டியிருக்க வாய்ப்பு நிறைய. அதைப் பார்க்காமல் டேபிளில் ஏற்றிக் காலை இழுத்து, திருப்பி, எலும்புக் குழிக்குள் ராடு அடித்தால் ரத்தக்கட்டு நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ரத்தக்கட்டு இருப்பது தெரிந்தால் முதலில் மருந்து கொடுப்பார்கள். தள்ளிப்போட முடியாத நிலையில், வயிற்றுப் பெருஞ்சிரையில் வடிகட்டி வைத்துவிட்டு ஆபரேஷன் செய்வதும் உண்டு. முதுகில் போடும் மயக்க ஊசிக்கு முன் தடுப்பு அளவு ஈனாக்ஸாபரின் என்றால் 12 மணி நேரமும், முழு அளவு என்றால் 24 மணி நேரமும் இடைவெளி வேண்டும். அதனால் கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று குறித்து வையுங்கள்.

கை எலும்பிலும் முன்னங்கையிலும் கட்டுப் போட்டுக் கூடியவர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. இடுப்பு முறிவு அந்த வகை அல்ல. முதியவருக்கு இது முறிந்தால் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆகிவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட நடைமுறை. நாள் கூடக் கூட ரத்தக்கட்டும், படுக்கைப் புண்ணும், நெஞ்சுச் சளியும் கூடும். இறுக்கமான கட்டும் கீழே இருக்கும் குழாயை அழுத்தும். இதை யாரையும் குறைசொல்ல எழுதவில்லை. அடுத்த முறை பக்கத்து வீட்டில் ஒருவர் விழுந்து, கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால், அன்றைக்கே எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள்.

"அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, நாற்பது வருடமாகப் பீடி. ஆபரேஷன் முடிந்த இரவிலிருந்து பாதம் சில்லென்று இருக்கிறது, விரல்கள் வெளுத்திருக்கின்றன. ரத்தம் கட்டாமல் இருக்க என்று இறுக்கமான காலுறை போட்டிருக்கிறார்கள். மரத்துப்போகிறது என்கிறார்."
– ஓசூர் வாசகி

வார்டு டாக்டரை உடனே கூப்பிட்டு, அந்தக் காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள். பாதத்தின் மேற்புறத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்புறத்திலும் நாடித் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலுக்குத் தெரியவில்லை என்றால் கையடக்க டாப்ளரால் பார்க்க வேண்டும். சர்க்கரையும் பீடியும் சேர்ந்த காலில் தமனிகள் பெரும்பாலும் ஏற்கெனவே தடித்துச் சுருங்கியிருக்கும். ஆபரேஷன் நேரத்து இழுவையும் ரத்த அழுத்தம் இறங்கியதும் சேர்ந்து அங்கே முழு அடைப்பை உண்டாக்கலாம். இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு இதயத்திலிருந்து வரும் ரத்தக்கட்டும் போய் அடைக்கலாம். வலி, வெளுப்பு, குளிர்ச்சி, நாடியின்மை, மரத்துப்போதல், விரலை அசைக்க முடியாமை ஆகிய ஆறில் கடைசி இரண்டும் வந்துவிட்டால் காலம் மிகக் குறைவு. முழு அடைப்பில் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. அதற்கு மேல் தசை செத்துக்கொண்டே போகும். 'முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு' என்று சொல்லி விடிய விடியக் காத்திருக்கக் கூடாது. அந்த ஊசி இரண்டு காலையும்தான் மரக்கச் செய்யும், பாதத்தைச் சில்லிட வைக்காது.

சிரையில் அடைப்பு என்றால் காலைத் தலையணை மேல் உயர்த்துகிறோம். தமனியில் அடைப்பு என்றால் உயர்த்தக் கூடாது. படுக்கை மட்டத்தில் அல்லது சற்றுத் தாழ்த்தியே வைக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சியற்ற காலில் கொப்பளம்தான் வரும். ஓசூரில் இருக்கிறீர்கள், பெங்களூரு கிட்டே என்பது இந்த விஷயத்தில் பெரிய பலம். ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் ஹெப்பாரினை இங்கேயே ஆரம்பித்து அனுப்பலாமா என்று கேட்டு, அனுப்பும் நேரத்தையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இறுக்கக் காலுறை எல்லோருக்கும் ஆகாது. சர்க்கரை நோயாளிக்கும் புகைப்பவருக்கும் பாத நாடியைப் பார்த்த பிறகே போட வேண்டும்.

"மாமியாருக்குத் தொடைச் சிரையில் ரத்தக்கட்டு உறுதியாகி மாத்திரை சாப்பிடுகிறார். நடக்கலாமா? எண்ணெய் போட்டு நீவி விடலாமா? கீரை சாப்பிடக் கூடாதாமே?"
– ஊத்தங்கரை வாசகி

நீவக் கூடாது. எண்ணெய் தடவித் தேய்ப்பதால் கட்டு பிய்ந்து மேலே போகும் ஆபத்து உண்டு. நடக்கலாம், மருந்து ஆரம்பித்து டாக்டர் சரி என்றதும் வாக்கரோடு நடப்பது நல்லது, படுத்தே இருப்பதுதான் கெடுதல். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழுமாக மணிக்கு இருபது, முப்பது முறை அசைக்கட்டும். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பதியுங்கள்.

கீரை விஷயம் மாத்திரையைப் பொறுத்தது. அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் என்றால், கீரையில் உள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை நிறுத்த வேண்டாம். களிக்கு வழக்கமாகக் கீரைக் கடைசல் சாப்பிடுபவர் என்றால் வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்பதை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாறினால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) அலைபாயும். அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். ரிவராக்சபான் என்றால் கீரைக் கவலை இல்லை. முதல் 21 நாள் 15 மி.கி. வீதம் இரண்டு வேளை, பிறகு தினம் 20 மி.கி. ஒரு வேளை என்பது வழக்கம். வெறும் வயிற்றில் போட்டால் உடலில் சரியாகச் சேராது, சாப்பாட்டோடு போட வேண்டும். 22-ஆம் நாள் அளவு மாறுவதைக் காலண்டரில் குறியுங்கள். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். கட்டு வராமல் தடுக்கக் கொடுக்கும் அளவு வேறு, வந்த கட்டுக்குக் கொடுக்கும் அளவு வேறு, எனவே இன்னொருவரின் சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள். ஆபரேஷனை ஒட்டி வந்த கட்டுக்குப் பொதுவாக மூன்று மாதம் மருந்து. அதுவரை மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ வேண்டாம், பாராசிட்டமால் போதும். பல் பிடுங்குவதற்கு முன் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிடும்போதே வீக்கம் கூடினால் அதை அளந்து வையுங்கள். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே இரண்டு தொடையிலும் பேனாவால் கோடு போட்டு, காலையும் மாலையும் தையல் டேப்பால் சுற்றளவு எடுத்து எழுதுங்கள். தொடை மட்டும் கூடிக்கொண்டு, முகமும் வெளுத்து, எழுந்தால் தலை சுற்றினால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடாதீர்கள். பாலக்கோடு வாசகருக்குச் சொன்ன தமனிக் கசிவை நினைத்து அன்றே ஹீமோகுளோபினும் டாப்ளரும் பாருங்கள்.

"எனக்கு 38 வயது. பைக் விபத்தில் தொடை எலும்புக் கழுத்து முறிந்து மூன்று ஸ்க்ரூ போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஒன்றரை வருடம் கழித்து இடுப்பு மடிப்பில் வலி, தாங்கித் தாங்கி நடக்கிறேன்."
– தேன்கனிக்கோட்டை வாசகர்

இதுவும் ரத்தக்குழாய் விஷயம்தான். தொடை எலும்பின் பந்துப் பகுதிக்கு ரத்தம் போவது பெரும்பாலும் கழுத்தைச் சுற்றி ஏறும் ஒரு சிறு தமனியின் கிளைகள் வழியாக. கழுத்து முறிந்து விலகும்போது அவை அறுந்தோ முறுக்கியோ போகும். எலும்பு கூடினாலும், ரத்தம் கிடைக்காத பந்து மெல்லச் செத்து நொறுங்கலாம். முறிவுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்குள் வெளிப்படுவது அதிகம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கும். ஸ்க்ரூ டைட்டானியம் என்றால் எம்.ஆர்.ஐ. தெளிவாக வரும், ஸ்டீல் என்றால் படம் கலங்கும், அதனால் எது என்று ஆபரேஷன் குறிப்பில் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்க்ரூவின் நுனி மூட்டுக்குள் துருத்துகிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம். பந்து உருண்டை கெடாமல் இருக்கும்போதே போனால் செய்ய வழிகள் உண்டு. சரிந்துவிட்டால் மூட்டு மாற்றுதான். அதுவரை வலியில்லாத பக்கத்துக் கையில் கம்பு பிடித்து நடங்கள், சுமை தூக்காதீர்கள், மதுவும் புகையும் வேண்டாம், டாக்டர் எழுதாத ஸ்டீராய்டு மாத்திரை எதையும் வலிக்கு என்று வாங்கிப் போடாதீர்கள்.